வாடகை யந்திர நிலையங்களுக்கு ஏற்ற பராமரிப்புக் கணக்கு மென்பொருள்

காவேரி டெல்டா ஜில்லாக்களில் உழவும் அறுவடையும் இப்பொழுது பெரும்பாலும் யந்திரங்களைக் கொண்டே நடைபெறுகின்றன. 2014-15-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வேளாண்மை யந்திரமயமாக்கல் திட்டத்தைத் தொடங்கியது முதல், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும், கூட்டுறவுச் சங்கங்களும், தனிப்பட்ட மிராசுதாரர்களும் மானியம் பெற்று டிராக்டர், ரோட்டவேட்டர், நடவு யந்திரம், பெல்ட்டு வண்டி என்று வழங்கும் சங்கிலிச் சக்கர அறுவடை யந்திரம் முதலியவற்றை வாங்கி வாடகைக்கு விட்டு வருகின்றனர். யந்திரத்தை வாங்கும்பொழுது பல கடைகளில் விலை விசாரித்து, பல பேரிடம் யோசனை கேட்பவர்களும், வாங்கிய பின்னர் அதற்கு எண்ணெய் மாற்றிய தேதியை எங்கே குறித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், டிரைவரைப் பார்க்கச் சொல்லுவதே வழக்கமாயிருக்கிறது.

இதனால் நேரும் நஷ்டம் அற்பமானதன்று. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில்தான் வந்து சேருகிறது. அறுவடை யந்திரத்தின் ஒரு பெல்ட்டு அறுந்து, அந்த அளவுள்ள பெல்ட்டு கையிருப்பில் இல்லாமல் டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கி வருவதற்குள் இரண்டு நாள் கழிந்துவிட்டால், அதற்குள் ஒரு மழை பெய்து பயிர் சாய்ந்துவிடக் கூடும். நேரடி நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது பொது விதி. சில வருஷங்களில் சர்க்கார் இவ்விதியைத் தளர்த்தியதுண்டு எனினும், தளர்த்துவார்கள் என்று நம்பி ஒருவரும் சாகுபடி செய்வதில்லை. ஆகவே யந்திரம் நின்றதனால் வாடகை நிலையத்திற்கு உண்டாகும் நஷ்டத்தைக் காட்டிலும், முறை வைத்துக் காத்திருந்த குடியானவர்களுக்கு உண்டாகும் நஷ்டமே பெரிது. அந்தப் பெல்ட்டு சென்ற முறை எத்தனையாவது மணியில் மாற்றப்பட்டது என்று குறித்து வைத்திருந்தால், அடுத்தது எப்பொழுது மாற்ற வேண்டிவரும் என்பதை அறுவடைக்கு முன்னமேயே அனுமானித்து, ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம்.

இத்தகைய கணக்குகளை வைப்பதற்காகவே கணினியிலும் கைபேசியிலும் இயங்கும் மென்பொருள்கள் பல இப்பொழுது விற்பனைக்கு வந்துள்ளன. விற்பனைக்காரர்கள் நிலையங்களுக்கு நேரில் வந்து இவற்றைக் காட்டுகின்றனர். இவற்றுள் பெரும்பாலானவை லாரி, பஸ் முதலிய சாலை வண்டிகளுக்கென்று ஏற்பட்டவை என்பதைக் குடியானவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். லாரிக்கு நன்றாய் வேலை செய்யும் கணக்கு, டிராக்டருக்கு அநேகமாய் ஒன்றுக்கும் உதவாது.

மணிக்கணக்கும் மைல்கணக்கும்

லாரியின் தேய்மானம் அது ஓடிய தூரத்தைப் பொறுத்தது. டிராக்டரின் தேய்மானமோ அதன் எஞ்சின் ஓடிய நேரத்தைப் பொறுத்தது. ரோட்டவேட்டர் பூட்டிய டிராக்டர் வயலில் மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோமாயின், நாள் ஒன்றுக்கு 6 மணி உழுதாலும் 18 கிலோமீட்டர்தான் ஆகும். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டிய கெடு பல டிராக்டர்களுக்கு 250 மணியாக இருக்கிறது; சிலவற்றுக்கு இது வேறுபடுவதால், கம்பெனியார் கொடுக்கும் கைப்புத்தகத்தில் உள்ளதையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும். 250 மணியில் அந்த டிராக்டர் உழுதுகொண்டே சென்ற தூரம் 750 கிலோமீட்டர். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நினைவூட்டும்படி அமைந்த மென்பொருளை இந்த டிராக்டருக்கு வைத்தால், 3,300 மணிக்கு மேல் ஓடிய பிறகுதான் அது வாயைத் திறக்கும். அதற்குள் எஞ்சின் பட்டறைக்குப் போய் வந்திருக்கும்.

தூரத்தைக் கணக்கிடாமல் மாதத்தைக் கணக்கிட்டு, மூன்று மாதத்திற்கு ஒரு முறை என்று நினைவூட்டும் மென்பொருள்களும் உண்டு. இவையும் வயலுக்கு ஒத்துவாரா. சம்பா உழவு மும்முரமாய் நடக்கும் 90 நாட்களில், நாளுக்கு 6 மணி வீதம் 540 மணி ஆகிவிடும். இரண்டு முறை மாற்ற வேண்டிய எண்ணெய் ஒரு முறையும் மாற்றப்படாமல் போகும். கோடையில் மூன்று மாதத்திற்கு 20 மணிகூட ஓடாத டிராக்டருக்கோ, நல்ல எண்ணெயை வடித்துக் கொட்டும்படி அதே மென்பொருள் சொல்லும். அதனால் மாதக்கணக்கே வேண்டாமென்பதன்று. ஓடாமல் நிற்கும் யந்திரத்திற்கும் பராமரிப்பு உண்டு. பாட்டரி இறங்கிப்போகும், பெல்ட்டுகளின் இழுவையைத் தளர்த்தி வைக்க வேண்டும், அறுவடை யந்திரத்தை நான்கு மாதம் கொட்டகையில் விட்டுவைத்தால் எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவிடுவதைக் கண்டிராதவர் இரார். மேலும், மணி முடியாவிட்டாலும் வருஷம் ஒரு முறையேனும் எண்ணெய் மாற்ற வேண்டுமென்று பல கைப்புத்தகங்கள் கூறுகின்றன. ஆகவே, மணி, மாதம் ஆகிய இரண்டு கெடுக்களையும் ஒரே வேலைக்கு வைத்து, எது முன்னால் வருகிறதோ அதற்கு நினைவூட்டும் மென்பொருளையே கொள்ளுதல் தக்கது. விற்பனைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இதற்கு நேரான பதில் கிடைக்காவிட்டால் மற்றவற்றைக் கேட்டுக் காலத்தைப் போக்க வேண்டுவதில்லை.

மணியைப்பற்றி வேறொரு மயக்கமும் உண்டு. வாடகைப் பில்லில் உள்ள மணியையே பராமரிப்புக் கணக்கிலும் எழுதிவிடலாம் என்று பல நிலையத்தார் எண்ணுகின்றனர். வாடகை மணி என்பது வயலில் இறங்கியது முதல் கரையேறுகிறவரையில் உள்ள நேரம். எஞ்சினோ கொட்டகையிலிருந்து புறப்பட்டது முதல் ஓடுகிறது. நாள் ஒன்றுக்கு 6 மணி வாடகை வேலையும் 1 மணி சாலைப் பயணமுமாக இருந்தால், பில்லில் 250 மணி ஆகும்பொழுது எஞ்சின் 290 மணிக்கு மேல் ஓடியிருக்கும். ஆதலால் யந்திரத்திலுள்ள ஹவர் மீட்டரின் அளவு ஒன்றையே எழுத வேண்டும். 2018-ஆம் வருஷத்தில் வெளியான உழவன் செயலி போன்றவற்றில் வாடகைக்கு முன்பதிவு செய்வது வேறு; பராமரிப்புக் கணக்கு வேறு. முன்பதிவு சரியாக நடைபெறுவதைக் கொண்டு பராமரிப்பும் சரியாக நடைபெறுவதாக எண்ணிவிடலாகாது.

பழைய டிராக்டர்களில் உள்ள மீட்டர் எஞ்சின் சுழற்சியைக்கொண்டு நகருவது. குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக நிமிஷத்திற்கு 2,000 சுற்றில், எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால்தான் அது ஒரு மணி காட்டும். 1,000 சுற்றில் ஓடினால் அரை மணியே காட்டும். புதிய மின்மீட்டர்கள் பெரும்பாலும் கடிகார நேரத்தைக் காட்டுகின்றன. ஒரே நிலையத்தில் இரண்டு வகையும் இருக்குமாயின், எந்த யந்திரத்தில் எவ்வகை மீட்டர் என்பதையும் குறித்து வைத்தல் நலம். இல்லாவிடில் இரண்டு டிராக்டர்களின் டீசல் செலவை ஒப்பிட்டு, குற்றமற்ற டிரைவர் ஒருவரைச் சந்தேகிக்கும்படி நேரும்.

மீட்டர் இல்லாத கருவிகள்

டிராக்டருக்கு மீட்டர் உண்டு. ரோட்டவேட்டருக்கு இல்லை. ஆயினும் கத்திகள் தேய்வதும், கியர் பெட்டியின் எண்ணெய் குறைவதும், பேரிங்குகளில் சேறு புகுவதும் ரோட்டவேட்டரில்தான். வைக்கோல் கட்டும் யந்திரத்திற்கும், விதைக்கும் கருவிக்கும் இதே நிலைமை. காலையில் ஒரு டிராக்டருடனும், மாலையில் மற்றொன்றுடனும் பூட்டப்படும் கருவியின் மணியை அறிவதற்கு, அது பூட்டப்பட்ட டிராக்டரின் மணியிலிருந்து எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. “இன்று இந்த டிராக்டருடன் இந்தக் கருவி” என்று ஒரு தடவை குறித்தால், டிராக்டரின் மணி தானாகவே கருவியின் கணக்கிலும் ஏறும்படியான மென்பொருள்கள் சில உள்ளன. பலவற்றில் இவ்வசதி இல்லை. லாரிக்குப் பின்னால் பூட்டும் இழுவை வண்டிகளுக்காக ஏற்படுத்திய வசதியையே இதற்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்று விற்பனைக்காரர் கூறினால், அதைச் செய்து காட்டும்படி கேட்க வேண்டும்.

சேற்றுழவைத் தனியாகக் குறிக்கும் வசதியும் வேண்டும். புழுதியுழவில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். சேற்றுழவில் இரும்புச் சக்கரம் மாட்டி ஓட்டும்பொழுது முன் அச்சின் சீல்கள் வழியே தண்ணீர் உட்புகும்; எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டதென்று அறியலாம். 250 மணி ஓடிய இரண்டு டிராக்டர்களுள் ஒன்று முழுவதும் சேற்றிலும், மற்றொன்று டிரெய்லர் இழுத்தும் ஓடியிருந்தால், இரண்டிற்கும் ஒரே பராமரிப்பு என்பது பொருந்தாது. வேலையின் வகையைக் குறித்து, “சேற்றில் இத்தனை மணி” ஆனவுடன் சீல்களைச் சோதிக்கும்படி நினைவூட்டுமாறு அமைக்க முடியுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

யார் எழுதுவது

மென்பொருள் எவ்வளவு சிறந்ததாயிருப்பினும், தினமும் மாலையில் ஒருவர் மீட்டர் அளவை அதில் ஏற்றாவிட்டால் அது வெறும் பெட்டியே. அந்த ஒருவர் காரியாலயத்தில் இருக்கும் கணக்கர் அல்லர். வயலில் இருக்கும் டிரைவர். ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் காரியதரிசியாயிருந்தாலும், பரீட்சித்துப் பார்க்க வேண்டியவர் டிரைவரே. அவர் கையில் கைபேசியைக் கொடுத்து, மீட்டர் அளவு, டீசல் லிட்டர், வேலையின் வகை, ஏதேனும் பழுது ஆகிய நான்கையும் எழுதச் சொல்ல வேண்டும். எண்ணெய் படிந்த விரலால் இரண்டு நிமிஷத்திற்குள் எழுதி முடியாவிட்டால், ஒரு வாரத்திற்குப் பிறகு அவர் எழுதமாட்டார். சொற்கள் தமிழில் இருத்தல் அவசியம். முகப்பில் மட்டும் தமிழ் எழுத்துக்களைக் காட்டிவிட்டு உள்ளே ஆங்கிலமாகவே இருப்பனவும் உண்டாதலால், கடைசிப் பக்கம் வரையில் திறந்து பார்க்க வேண்டும்.

வயல்வெளிகளில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. சிக்னல் இல்லாதபொழுது எழுதியதைக் கைபேசி தன்னிடமே வைத்திருந்து, கிடைத்தபின் சேர்க்க வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம்: கைபேசியின் தொடர்புகள் யாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நாளின் அளவுகளை எழுதி, கைபேசியை அணைத்துத் திறந்து, பிறகு தொடர்பு கொடுத்து, கணினியில் வந்து சேர்ந்ததா என்று பார்க்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. நேற்று 1,482 என்று எழுதிய யந்திரத்திற்கு இன்று 1,428 என்று வேண்டுமென்றே தவறாக எழுதிப் பார்க்க வேண்டும். நல்ல மென்பொருள் அளவு குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டித் திரும்பக் கேட்கும். எதையும் கேளாமல் ஏற்றுக்கொள்ளுவது தள்ளத்தக்கது. ஆனால் மீட்டர் கெட்டுப்போய்ப் புதியது மாட்டினால் அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்குமாதலால், அதற்கு வழியே விடாமல் பிடிவாதம் செய்வதும் உதவாது.

பழுதுகளின் பெயர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒருவர் “கிளட்சு பிடிக்கவில்லை” என்றும், ஒருவர் “பிளேட்டு போச்சு” என்றும், மற்றொருவர் “வண்டி இழுக்கவில்லை” என்றும் எழுதிவிட்டால், வருஷக் கடைசியில் கிளட்சுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது ஒருவருக்கும் தெரியாது. அமெரிக்க தேசத்தில் லாரி உடைமையாளர் சங்கத்தார் இதே தொல்லையைக் கண்டு, வண்டியின் பகுதிகளுக்கெல்லாம் பொதுவான எண்களைக் கொடுத்து 1970-ஆம் வருஷத்தில் ஒரு முறையை ஏற்படுத்தினர். பெரிய வண்டி மென்பொருள்கள் பல இன்றும் அதைத் தழுவுகின்றன. கிராம நிலையத்திற்கு அவ்வளவு விரிவு வேண்டுவதில்லை. எஞ்சின், கிளட்சு, முன் அச்சு, ஹைட்ராலிக், மின்கம்பி, டயர் அல்லது பெல்ட்டு, வெட்டும் பகுதி, கதிரடிக்கும் பகுதி என்று பத்துப் பன்னிரண்டு பெயர்களை நிலையத்தாரே வைத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றைத் தொட்டுத் தெரிந்தெடுக்கும்படி அமைத்தால் போதும். பேரிங்கு, பெல்ட்டு இவற்றின் மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் சேர்த்து எழுதி வைத்தால், கடையில் போய் “அந்தப் பெரிய பெல்ட்டு” என்று கேட்டு வேறொன்றை வாங்கி வரும் வீண் அலைச்சல் இராது.

டீசல் லிட்டரை எழுதுவது திருட்டைக் கண்டுபிடிப்பதற்காக என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது யந்திரத்தின் நாடியைப் போன்றது. ஒரே வகை வேலையில் மணிக்கு 5 லிட்டர் குடித்துவந்த டிராக்டர் 6 லிட்டர் குடிக்கத் தொடங்கினால், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், டீசல் தெளிப்பான் பழுதுற்றிருக்கலாம், கிளட்சு நழுவலாம். பெரிய பழுதாகும் முன்னரே பார்த்துவிட முடியும். பழுது எழுதும் டிரைவருக்கு அபராதம் விதிக்கும் நிலையத்தில் எந்த மென்பொருளும் பயன்படாது. அங்கே பழுதுகள் எழுதப்படுவதில்லை. அறுவடையின் நடுவில்தான் வெளிப்படுகின்றன.

விலையும் விடுதலையும்

விலை கேட்கும்பொழுது, மாதச் சந்தா எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒரு நிலையத்தில் 5 டிராக்டர்களும் 14 கருவிகளும் உள்ளன என்றும், ஒன்றுக்கு மாதம் ரூ. 150 என்றும் கொள்க. டிராக்டருக்கு மட்டும் கட்டணமானால் வருஷத்திற்கு ரூ. 9,000. கருவிகளையும் ஒவ்வொன்றாக எண்ணுவார்களானால் ரூ. 34,200. கட்டணத்திற்குப் பயந்து கருவிகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, மேலே கூறியபடி, தேய்மானம் மிகுந்த பாகத்தையே மறந்துவிடுவதாகும். ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று வாங்குவதாயின், பருவத்தில் மட்டும் வந்து போகும் டிரைவர்களுக்கும் வருஷம் முழுவதும் கட்ட வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சந்தாவை நிறுத்திவிட்டால் இதுவரை எழுதிய கணக்கு யாருடையது? ஒரு டிராக்டரின் ஐந்து வருஷச் சரித்திரம், அதை விற்கும்பொழுது விலையைக் கூட்டித் தரும் பத்திரம் போன்றது; மானியம் கொடுத்த இலாகாவின் தணிக்கைக்கும், சங்கத்தின் மகாசபைக்கும் அது வேண்டும். முழுக் கணக்கையும் சாதாரணக் கணக்குத்தாள் மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாக எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். “முடியும்” என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், பரீட்சைக் காலத்திலேயே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து, தமிழ் எழுத்துக்கள் சிதையாமல் இருக்கின்றனவா, தேதிகள் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடியானவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்குமாயின், அவை எங்கே வைக்கப்படுகின்றன என்பதையும் எழுத்து மூலமாகப் பெறுவது நலம்.

டிராக்டர் கம்பெனிகள் சில, யந்திரத்திலேயே பொருத்திய கருவி மூலம் மணியையும் இருப்பிடத்தையும் தாமே அனுப்பும் வசதி செய்துள்ளன. மணியைக் கையால் எழுதும் தொல்லை இதனால் குறையும். ஆயினும் ஒரு கம்பெனியின் ஏற்பாட்டில் மற்றொரு கம்பெனியின் யந்திரம் தெரியாது. மூன்று கம்பெனி யந்திரங்கள் உள்ள நிலையத்தார் மூன்று திரைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். யந்திரம் எங்கே நிற்கிறது என்று தேசப்படத்தில் காட்டும் வர்ணச் சித்திரங்களைக் கண்டு மயங்குபவர் பலர். எங்கே நிற்கிறது என்பது தெரியும். ஏன் நின்றுவிட்டது என்பது அதில் தெரியாது.

ஒரே டிராக்டர் வைத்திருக்கும் மிராசுதாரருக்கு இவை ஒன்றும் வேண்டுவதில்லை. இருக்கைக்கு அடியில் கயிற்றில் கட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் அவருக்குப் போதும். மூன்று நான்கு யந்திரங்கள் உள்ளவர்களும், கணக்குத்தாள் மென்பொருளில் யந்திரத்திற்கு ஒரு பக்கமாக எழுதி வந்தால் செலவின்றிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். யந்திரங்கள் யாவற்றையும் ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க முடியாத நிலைமை எப்பொழுது வருகிறதோ, அப்பொழுதுதான் விலை கொடுத்து வாங்குவது தகும். நோட்டில் ஒரு பருவம் ஒழுங்காக எழுதத் தெரியாத நிலையம் மென்பொருளிலும் எழுதாது. ஆகையால் வாங்குவதற்கு முன் ஒரு பருவத்தை நோட்டிலேயே நடத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

தொடங்குவதற்குச் சித்திரை, வைகாசி மாதங்களே ஏற்றவை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மாமூல். தண்ணீர் வந்த பிறகு ஒருவருக்கும் கணக்கைப்பற்றி நினைக்க அவகாசமிராது. அதற்கு முன் ஒவ்வொரு யந்திரத்தின் மீட்டரையும் புகைப்படமெடுத்து, அந்த அளவையே ஆரம்ப அளவாக ஏற்ற வேண்டும். கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்பொழுது என்று தெரியாத யந்திரத்திற்கு ஊகித்து எழுதலாகாது. எண்ணெயையும் வடிகட்டிகளையும் புதிதாக மாற்றிவிட்டு, அன்றைய மீட்டர் அளவிலிருந்து 250 மணியோ, கைப்புத்தகத்தில் கண்ட வேறு கெடுவோ, அதை எண்ணத் தொடங்க வேண்டும்.